குழந்தைகளைக் காத்தவரும் குழந்தைகளோடு சென்றவரும்

மன்னர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் கூறும். படைத்தலைவர்களின் போர்களைப் பரணிகள் பாடும். ஆனால் நள்ளிரவிலே கதவு தட்டப்பட்டபோது அதனைத் திறந்து, அந்நியர் வீட்டுக் குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்லி மறைத்துக் காத்த ஒருத்தியின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் காண்பதரிது. அத்தகைய செயல் பிறர் அறியாதிருந்தாற்றான் நிறைவேறும். ஆதலால் அதற்குச் சான்றுகளும் மிகுதியாக எஞ்சுவதில்லை. இவ்வாறு சரித்திரம் மறந்துவிட்ட ஒருவரை நாடகமேடை மீட்டுத் தந்த வரலாறு ஒன்றுண்டு. அதனையே இவ்வாண்டு மலரிலே நம் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

2022ஆம் ஆண்டிலே போலந்து நாட்டின் பொஸ்னான் நகரத்து இசைநாடக அரங்கிலே 'இரேனா' என்னும் இசைநாடகம் அரங்கேறியது. இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் யூதக் குழந்தைகளை மரணத்தினின்றும் காத்த இரேனா சென்ட்லர் என்னும் சமூகசேவகியின் வாழ்க்கையே அதன் கதையாகும். செய்தியை அறிந்தபோது நம்மிடையே ஒரு வினா எழுந்தது. இலட்சக்கணக்கான மக்கள் கொல்லப்பட்ட கொடுமையைப் பாட்டும் பக்கவாத்தியமுமாக மேடையேற்றுதல் தகுமோ? துயரத்தை வேடிக்கையாக்குவது ஆகாதோ?

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இவ்வினாவுக்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அரிச்சந்திரன் மயான காண்டத்தை அறியாத கிராமம் நம் குடாநாட்டிலே இல்லை எனலாம். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தாய் சந்திரமதி சுமந்து வருகின்றாள். சுடலை காக்கும் தந்தையோ கூலி கொடாமல் எரிக்கலாகாது என்று தடுக்கின்றான். இதனினுங் கொடிய காட்சி வேறு யாது? ஆயினும் அக்காட்சி பாட்டாகவே நமக்குக் கிடைத்துள்ளது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தைப் பாடி நடித்தபோது கோயில் வீதிகளிலே விடியுமட்டும் விழித்திருந்து கண்ணீர் சொரிந்த பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களல்லர். வசனத்தாற் சொன்னால் தாங்கொணாத ஒன்றை இசை தாங்கிப் பிடித்து நம் முன் வைக்கின்றது என்பதே நம் முன்னோரின் அநுபவம். ஆகவே இசைநாடகம் என்ற காரணங்கொண்டு 'இரேனா'வை நாம் ஒதுக்கவியலாது. அது உண்மையைச் சொல்கின்றதா, கேட்பவரை என்ன செய்கின்றது என்பனவே நாம் வினவத்தக்கவை.

இனி வரலாற்றுக்கு வருவோம். நம்மிற் பலர் மிஷன் கல்லூரிகளிற் கற்றவர்கள். யூதர் என்னும் பெயரை நாம் முதன்முதலிற் கேட்டது வேதபாட வகுப்பிலே, மோசேயின் கதையிலேதான். அடிமைத்தளை நீங்கி எகிப்தை விட்டு வெளியேறிய அம்மக்களின் வழித்தோன்றல்களுக்கு நம் பூட்டனார் காலத்தில் ஐரோப்பாவிலே நேர்ந்ததை நாம் பின்னரே நூல்களின் வாயிலாக அறிந்தோம். ஹிட்லரின் ஜேர்மனி 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் தேதி போலந்தின்மீது படையெடுத்தது. 1940ஆம் ஆண்டு நவம்பரிலே தலைநகராகிய வார்சோவின் ஒரு பகுதி மதில் எழுப்பி அடைக்கப்பட்டது. 'கெட்டோ' எனப்பட்ட அந்த அடைப்பினுள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர், மூன்றரைச் சதுர கிலோமீற்றருக்குங் குறைந்த நிலத்திலே நெருக்கப்பட்டனர். பசியும் நச்சுக் காய்ச்சலும் நாள்தோறும் உயிர்களைக் கொண்டன. மதிலுக்கு வெளியே ஒரு யூதருக்குப் புகலிடம் அளிக்கும் போலந்தியருக்கும் மரணதண்டனை என்று 1941ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கட்டளை பிறந்தது.

அந்த அடைப்பினுள் ஓர் அநாதை இல்லம் இருந்தது. அதனை நடத்தியவர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித் என்னும் யூத வைத்தியர். யானுஷ் கோர்ச்சாக் என்பது அவர் எழுத்துலகிலே பூண்ட பெயர், அப்பெயரே நிலைத்தது. 1912ஆம் ஆண்டிலே வார்சோவின் குரோக்மால்னா வீதியில் அநாதைக் குழந்தைகளுக்காக அவர் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அதற்கு இன்னொரு தூணாக விளங்கினார். அந்த இல்லத்திலே குழந்தைகளே நீதிபதிகளாயமர்ந்து குழந்தைகளின் வழக்குகளைத் தீர்த்தனர்; பெரியோர்மீதுங் குழந்தைகள் வழக்குத் தொடுக்கலாம். குழந்தை நாளைக்கு மனிதனாகப் போகின்ற ஒன்றன்று, இன்றைக்கே மனிதன் என்பது அவர் கொள்கை. வார்சோ வானொலியிலே 'முதிய வைத்தியர்' என்னும் பெயரால் அவர் பேசிய பேச்சுகளை யூதரும் யூதரல்லாதாரும் விரும்பிக் கேட்டனர். கெட்டோ அமைக்கப்பட்டபோது அவருடைய இல்லமும் மதிலுக்குள்ளே குடிபெயர நேர்ந்தது.

ஈண்டு நம் நாட்டாருக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. 1942ஆம் ஆண்டு யூலை 18ஆந் தேதி சனிக்கிழமை அந்த அநாதை இல்லத்திலே ஒரு நாடகம் நடைபெற்றது. நடித்தவர்கள் அவ்வில்லத்துக் குழந்தைகள். எஸ்தர் என்னும் இளம் உதவியாளர் அதனை நெறிப்படுத்தினார். நாடகமோ மகாகவி ரவீந்திரநாத தாகூர் 1911ஆம் ஆண்டிலே வங்காளத்தில் எழுதிய 'டாக் கர்', அதாவது 'தபாற்கந்தோர்' ஆகும்.

தாகூர் நமக்கு அந்நியரல்லர். 1934ஆம் ஆண்டிலே தம் சாந்திநிகேதனக் கலைஞருடன் இலங்கைக்கு வந்தபோது அவர் யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளினார். 'தபாற்கந்தோர்' 1913ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தின் டப்ளின் நகரிலே ஆங்கிலத்தில் மேடையேறியது. 1917ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் தாகூர் தம் இல்லத்தில் அதனை நடத்தியபோது மகாத்மா காந்தியும் திலகரும் அன்னி பெசன்ட் அம்மையாரும் அதனைக் கண்டனர். அவ்வேளை நாடகத்துக்கெனத் தாகூர் பாடல்களையுஞ் சேர்த்திருந்தார்.

அதன் கதை எளியது. அமல் என்னும் சிறுவன் பெற்றோரை இழந்தவன். மாதவன் என்பார் அவனைத் தத்தெடுத்து வளர்க்கின்றார். சிறுவனுக்குக் கடும் நோய். காற்றும் வெயிலும் படலாகாது என்று ஊர் வைத்தியர் அவனை வீட்டினுள் அடைத்துவிடுகின்றார். சன்னலருகே அமர்ந்து, தெருவிலே செல்லுந் தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பூப்பறிக்கும் சிறுமி சுதாவோடும் அவன் உரையாடுகின்றான். எதிரே அரசரின் தபாற்கந்தோர் ஒன்று புதிதாக எழுகின்றது. அரசர் தனக்கும் ஒருநாள் கடிதம் எழுதுவார் என்று அவன் நம்புகின்றான். ஊர்த்தலைவன் வெறுங்கடதாசியைக் காட்டி இதுவே அரசரின் கடிதம் என்று ஏளனஞ் செய்கின்றான். ஆனால் அரசரின் வைத்தியர் மெய்யாகவே வருகின்றார். அடைத்த கதவுகளையுஞ் சன்னல்களையுந் திறக்கச் சொல்கின்றார். சிறுவன் உறங்குகின்றான். சுதா பூக்களோடு வந்து, தான் அவனை மறக்கவில்லை என்று அவன் காதிலே சொல்லும்படி வேண்டுகின்றாள்.

மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகள், அறைக்குள் அடைபட்ட சிறுவனாக நடித்ததன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஏன் இந்நாடகத்தைத் தெரிந்தீர் என்று வினவியபோது, மரணத்தை அமைதியோடு ஏற்கக் குழந்தைகள் அறிந்துகொள்ள வேண்டும் எனக் கோர்ச்சாக் விடையிறுத்ததாகப் பின்னர்க் கூறுவர். நாடகம் நடந்த நான்காம் நாள், யூலை 22ஆந் தேதி, கெட்டோவிலிருந்து யூதரைத் திரெப்ளிங்கா என்னும் கொலைமுகாமுக்குப் புகைவண்டியில் ஏற்றுதல் தொடங்கிற்று. செப்டெம்பர் மாதத்துள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். கோர்ச்சாக்கை மதிலுக்கு வெளியே மறைத்துக் காக்க நண்பர்கள் முன்வந்தனர். குழந்தைகளை விட்டு வர அவர் உடன்படவில்லை. ஓகஸ்ட் மாத முற்பகுதியில், பெரும்பாலோர் கூறுமாறு 5ஆந் தேதி, ஏறத்தாழ இருநூறு குழந்தைகள் தெருவழியே அணிவகுத்து நடந்தனர். கோர்ச்சாக்கும் ஸ்டெபானியாவும் ஏனைய பணியாளரும் அவர்களோடு நடந்தனர். ஒருவருந் திரும்பவில்லை.

அன்று அக்காட்சியைக் கண்டோருள் ஒருவரே நாம் தொடக்கத்திற் கூறிய இரேனா சென்ட்லர். 1910ஆம் ஆண்டிற் பிறந்த இவர் கத்தோலிக்கப் போலந்தியர். வார்சோ நகரசபையின் சமூகநலப் பகுதியிற் பணி புரிந்தவர். தொற்றுநோய்த் தடுப்புக்கென வழங்கப்பட்ட அனுமதிச்சீட்டு அவருக்குக் கெட்டோவின் வாயிலைத் திறந்தது. ஜேர்மானியருக்கு நச்சுக் காய்ச்சலென்றால் நடுக்கம். அந்நடுக்கத்தையே அவர் கருவியாக்கிக்கொண்டார். உணவும் மருந்தும் கொண்டு உள்ளே சென்றவர், குழந்தைகளை வெளியே கொணரலானார். நோயாளர் வண்டியிற் சில குழந்தைகள் வந்தன. நிலத்தடிக் கழிவுநீர் வாய்க்கால்களின் வழியே சில வந்தன. இருபுறமும் வாயில்கொண்ட நீதிமன்றக் கட்டடத்தினூடே சில நடந்து வந்தன. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்தெடுப்பதே இவற்றுளெல்லாங் கடினமானது. என் பிள்ளை பிழைக்கும் என்று உறுதி கூறுவீரோ என்று தாய்மார் கேட்டபோது, உறுதி கூற அவருக்கு இயலவில்லை. தாம் உயிரோடு வெளியே செல்வதற்கே உறுதியில்லாதபோது எதனைச் சொல்லுவார்?

வெளியே வந்த குழந்தைகளுக்குக் கிறித்தவப் பெயர் சூட்டி, கிறித்தவ செபங்களைக் கற்பித்துக் குடும்பங்களிலுங் கன்னியர் மடங்களிலும் விட்டனர். காவலர் விசாரித்தால் குழந்தை தடுமாறலாகாதன்றோ! ஆனால் சென்ட்லர் ஒன்றை மறக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரையும் பெற்றோர் பெயரையும், அது இருக்கும் இடத்தையும் மெல்லிய தாளில் எழுதி வைத்தார். யுத்தம் முடிந்தபின் அக்குழந்தை தன் இனத்தாரிடம் மீள வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்பட்டியல் கண்ணாடிச் சாடியினுள்ளே, தோழி ஒருத்தியின் வளவிலே நின்ற அப்பிள் மரத்தின் கீழ்ப் புதைக்கப்பட்டது. உயிரைக் காத்தது ஓர் அறம். அவ்வுயிரின் பெயரையுங் குலத்தையுங் காத்தது அதனினும் நுண்ணிய அறம் என்று நாம் கருதுகின்றோம். பிறர் மதத்துக் குழந்தை தன் கையில் அகப்பட்ட வேளையிலும் அதனைத் தனதாக்கிக்கொள்ள நினையாத உள்ளம் எத்துணைப் பெரிது!

1942ஆம் ஆண்டு டிசெம்பரிலே யூதருக்கு உதவவென 'செகோத்தா' என்னும் இரகசியச் சபை தோன்றியது. அதன் குழந்தைகள் பிரிவுக்குச் சென்ட்லர் பொறுப்பாளரானார். 1943ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஜேர்மானிய இரகசியப் பொலிசார் அவரைக் கைதுசெய்து சித்திரவதை புரிந்தனர். ஒரு பெயரும் அவர் வாயினின்று வரவில்லை. காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து நண்பர்கள் அவரை விடுவித்தனர். யுத்தம் முடிந்தபின் பட்டியல் யூதர் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் அக்குழந்தைகளிற் பெரும்பாலோருக்குத் திரும்பிச் செல்லப் பெற்றோர் இருக்கவில்லை.

1965ஆம் ஆண்டிலே இஸ்ரவேல் நாட்டின் யாத் வாஷெம் நினைவகம் அவரைப் பிறவினத்துச் சான்றோருள் ஒருவராக மதித்தது. ஆயினும் உலகம் அவரை அறியவில்லை. 1999ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்து யூனியன்டவுன் என்னும் சிற்றூரிலே பள்ளி மாணவியர் சிலர் சரித்திரப் போட்டிக்குப் பொருள் தேடினர். சென்ட்லர் 2,500 குழந்தைகளைக் காத்தார் என்னுஞ் சிறு பத்திரிகைக் குறிப்பொன்றை அவர்கள் ஆசிரியர் காட்டினார். திரைப்படத்தாற் புகழ்பெற்ற ஒஸ்கர் ஷிண்ட்லர் காத்தவர் தொகை ஆயிரத்தைச் சற்றே கடந்ததாயிருக்க, இஃது அச்சுப்பிழையோ என ஆசிரியரும் மாணவியரும் ஐயுற்றனர். ஆராய்ந்தபோது செய்தி வலுப்பெற்றது. அம்மூதாட்டி வார்சோவில் உயிரோடிருப்பதுந் தெரியவந்தது. 'சாடிக்குள் ஒரு வாழ்வு' என்னும் பொருள்பட அம்மாணவியர் ஆக்கிய நாடகம் சில நிமிட அளவினதே. அது நூற்றுக்கணக்கான தடவை மேடையேறியது. 2001ஆம் ஆண்டிலே அவர்கள் வார்சோ சென்று அவரைக் கண்டனர். 2003இலே போலந்து தன் மிகவுயர்ந்த விருதாகிய வெண்கழுகு விருதை அவருக்கு அளித்தது. 2008ஆம் ஆண்டு மே 12ஆந் தேதி, தொண்ணூற்றெட்டாம் வயதில், அவர் காலமானார். அவர் பெயரை உலகறியச் செய்ததிலே பேரறிஞர்களுக்கு உள்ள பங்கினும், பட்டினத்துக்கு அப்பாலிருந்த ஒரு சிறு பாடசாலையின் மேடைக்குப் பங்கு பெரிது. பொஸ்னானின் பேரரங்கு அதன் பின்னரே வந்தது.

நிற்க. மேடைக்கு ஓர் ஆபத்துண்டு. பார்ப்போரை உருக்க வேண்டும் என்னும் ஆவலால் அது உள்ளதைக் கூட்டிச் சொல்லும். கோர்ச்சாக்கின் குழந்தைகள் பச்சைக் கொடியேந்திப் பாடிச் சென்றனர் என்பர். கடைசிக் கணத்திலே ஒரு ஜேர்மானிய அதிகாரி அவருக்கு மட்டும் விடுதலை தர முன்வந்தான் என்பர். இவற்றிலே கண்டோர் கூற்றும் கர்ணபரம்பரையுங் கலந்து கிடக்கின்றன. சென்ட்லரையும் தனியொரு வீராங்கனையாகக் காட்டுதல் எளிது. ஆனால் 2,500 என்பது ஒருவர் கை செய்த வேலையன்று. அவரோடு உழைத்த பெண்கள் பலர். குழந்தைகளை ஏற்ற குடும்பங்களும் துறவியரும் இன்னும் பலர்.

நம் பாரதத்திலும் இதற்கு எடுத்துக்காட்டுண்டு. அதே 1942ஆம் ஆண்டிலே, சோவியத் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு வாடிய போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்கு நவநகர் மகாராஜா திக்விஜயசிங்கர் ஜாம்நகருக்கு அண்மையிலுள்ள பாலாசடியிலே முகாம் அமைத்துப் புகலளித்தார். இன்று வார்சோவிலே 'நல்ல மகாராஜா'வின் பெயரால் ஒரு சதுக்கம் உண்டு. அவரை யூதரைக் காத்தவர் என்று சொல்லிவிட நமக்கும் ஆசை எழும். ஆனால் அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். உள்ளபடி சொன்னாலும் அவர் பெருமை ஓர் அணுவும் குறையாது. பொய்யைச் சேர்த்தாலோ மெய்யும் ஐயத்துக்கிடமாகும்.

இனி, இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். யுத்தத்தின் துயரை நாம் பிறர் சொல்லிக் கேட்டவர்களல்லர்; அதனை மேடையேற்றவும் நாம் அறிவோம். 1985ஆம் ஆண்டிலே குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நம் மக்களின் அவலத்தை நம் முன்னேயே நிறுத்தியது. ஆனால் நாம் பட்டதைப் பாடும் நாடகம் வேறு. காத்தவரைப் பாடும் நாடகம் வேறு. முன்னதைக் காண்போன் தனக்காக அழுகின்றான். பின்னதைக் காண்போனோ, அன்று என் வீட்டுக் கதவு தட்டப்பட்டிருந்தால் நான் திறந்திருப்பேனா என்று தன்னையே கேட்க வேண்டியவனாகின்றான்.

இக்கேள்விக்கு நம் வரலாற்றிலே இரு பக்கமும் உண்டு. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலே கொழும்பிலுந் தென்னிலங்கையிலும் தமிழர் வேட்டையாடப்பட்டபோது, தம் உயிரையும் பொருட்படுத்தாது அயல்வீட்டுத் தமிழரை மறைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் உளர். கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியோருள் எத்தனையோ பேருக்கு அவ்வாறு உயிர்தந்த ஒருவரின் பெயர் தெரியும். அப்பெயர்கள் எந்தப் பட்டியலில் உள்ளன? மறுபக்கம், 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி, தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். நம் தெருவுக்கு அடுத்த தெருவிலே அது நடந்தது. அன்று எவர் குரல் கொடுத்தனர், எவர் அயலவரின் பொருளைப் பேணி வைத்திருந்து பின்னர்த் திருப்பிக் கொடுத்தனர், எவர் கதவைச் சாத்திக்கொண்டனர் என்பதனை நாம் நம் பெரியோரிடம் கேட்டதுண்டா? வார்சோவில் நடந்ததும் இவையும் அளவாலும் நோக்கத்தாலும் ஒன்றல்ல. ஒன்றென்று கூறுதல் சரித்திரமாகாது. ஆனால் அயலவன் கதவருகே நிற்கின்ற கணத்திலே மனிதன் எடுக்கவேண்டிய முடிவு எவ்விடத்தும் ஒன்றேயாகும்.

ஆதலால் நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். சிவராத்திரியிலும் நவராத்திரியிலும் நாடகம் போட நம்மிடம் மேடையுண்டு, பாடத் தெரிந்தோருண்டு, ஆர்மோனியமும் மிருதங்கமும் உண்டு. அடுத்த ஆண்டுக்கு முன்னர் இளைஞராகிய நாம் ஒவ்வொரு வீடாகச் சென்று, காத்தவர்களையுங் காக்கப்பட்டவர்களையும் பற்றிப் பெரியோர் அறிந்தவற்றை ஊர், ஆண்டு, பெயருடன் எழுதி வைப்போம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. பெயர் வெளியிட வேண்டாமென்றால் வெளியிடலாகாது. எழுதியவற்றுள் உறுதியானதை மட்டும் கொண்டு ஓர் இசைநாடகம் ஆக்குவோம். கன்சாஸ் மாணவியர் தேடத் தொடங்கியபோது அம்மூதாட்டி உயிரோடிருந்தார். நம் மூதாட்டியரும் மூதாளரும் இன்னும் நெடுங்காலம் காத்திருக்கமாட்டார். அப்பிள் மரத்தின் கீழே புதைத்த சாடியை எடுக்க அங்கே ஒருத்தி இருந்தாள். நம் ஊர்களிலே புதைந்துகிடக்கும் பெயர்களை எடுப்பதற்கு நாமே முன்வருவோமாக.